பெட்டி எங்கே மேடம்?



போன இதழில் இந்தப் பக்கம் பாதிதான் இருந்தது என்று ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தீர்கள். உடம்பு சரியில்லையா என்று திருநெல்வேலி வாசகி ஒருவர் அக்கறையாகக் கேட்டிருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை அம்மா. அந்த வாரம் பூராவும் நான் ஒரு கேமராவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுத்து முடிக்கவில்லை, கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். ஒன்று கன்னங்கரேல் என்று இருக்கும், பெயர் மிளகு. பதின்மூன்று வயதுக் கிழவர். இன்னொன்று தும்பை வெள்ளை, ரவை. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மழைநாளில் ஸ்கூட்டருக்கு அடியிலிருந்து மிளகை எடுத்து வந்தாள். இப்போது அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை. ராத்திரி ஆனால் "சாப்டியாம்மா?" என்பதற்கு முன்னால் "மிளகு போட்டோ அனுப்பு" என்று வந்து நிற்கும். என் கைபேசியோ அரதப் பழசு. அதில் மிளகை எடுத்தால் சோபாவில் யாரோ கறுப்புத் துண்டைப் போட்டுவிட்டுப் போன மாதிரி விழும். ரவையை எடுத்தால் ஆவி.

ஆடித் தள்ளுபடி இப்போது தி.நகர் துணிக்கடைகளோடு நிற்பதில்லை. இணையக்கடைகளும் பம்பை அடிக்க ஆரம்பித்துவிட்டன. அதில்தான் அந்தக் கேமராவைப் பார்த்தேன். விளம்பரப் படத்தில் ஒரு பூனை. மீசை முடியை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கீழே, 64 மெகாபிக்சல். அதற்கும் கீழே, செல்லப்பிராணியின் கண்ணைத் தானே தேடிப்பிடித்து ஃபோகஸ் செய்யும் என்று ஒரு வரி. விலை ₹17,990. ஒரு பட்டுப்புடவையை விட்டுக்கொடுத்தால் போயிற்று என்று கணக்குப் போட்டேன்.

பெட்டி வந்தது. பிரித்தோம். கேமராவை நான் எடுத்துக்கொண்டேன், பெட்டியை மிளகு எடுத்துக்கொண்டது. பூனை வளர்ப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மெத்தை வாங்கிப் போட்டால் முகர்ந்துகூடப் பார்க்காது, மெத்தை வந்த அட்டைப்பெட்டியில் போய்ச் சுருண்டுகொள்ளும். அந்தப் பெட்டி அதற்குக் கொஞ்சம் சின்னது. உடம்பில் முக்கால்வாசி உள்ளே, மிச்சம் வெளியே வழிந்தபடி ஆனந்த சயனம். அப்போது நான் சிரித்தேன்.

முதல் நாள் சாயங்காலம் நூற்றுப்பத்துப் படங்கள் எடுத்தேன். பூனை என்று அடையாளம் சொல்லும்படி இருந்தவை நான்கு. அதிலும் மிளகும் ரவையும் ஒரே சாம்பல் நிறத்தில் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி இருந்தார்கள். மிளகின் மேல் நிஜமாகவே யாரோ ரவையைத் தூவியது போல் படம் முழுக்கப் புள்ளிகள். ஃபிளாஷ் போட்டால் இரண்டு பச்சை டார்ச் விளக்குகள்.

எங்கள் பத்திரிகைக்கு முப்பது வருஷமாகப் படம் எடுத்துத் தருபவரிடம் காட்டினேன். சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவு. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். கறுப்புப் பூனையைக் கண்டால் வெளிச்சம் போதவில்லை என்று ஏற்றிவிடும். வெள்ளையைக் கண்டால் அதிகம் என்று இறக்கிவிடும். என் வீட்டு இரண்டையும் சாம்பலாக்கியது அதுதான். கறுப்பு ரோமத்தில் விளிம்பு, கோடு எதுவும் பிரிந்து தெரியாததால் ஃபோகஸ் பிடிக்க இடம் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். அந்தப் பச்சை டார்ச்சுக்குக் காரணம் பூனைக் கண்ணின் பின்புறத்தில் கண்ணாடி போல இருக்கும் ஒரு படலம். உள்ளே வந்த ஒளியை அது இன்னொரு தடவை விழித்திரைக்கே திருப்பிவிடும். மங்கலான வெளிச்சத்திலும் பூனைக்குக் கண் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். நம் ஃபிளாஷ் நம்மிடமே திரும்பி வருவதும் இதனால்தான். இதெல்லாம் போதாதென்று பூனைக்கு விளையாடத் தோன்றுவதே விடிகாலையும் அந்திநேரமும். வெளிச்சம் இருக்கும் பொழுதெல்லாம் தூங்கும்.

"மேடம், இதுல சென்சார் இத்துனூண்டுதான்" என்று சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். அகலம் 6 மில்லிமீட்டர் சொச்சம், உயரம் நாலரை. அவர் தோளில் தொங்கிய கேமராவில் இருப்பது 36-க்கு 24. பரப்பளவில் முப்பது மடங்கு. அத்தனை சின்ன இடத்தில் விழுகிற வெளிச்சமும் சின்னதுதானே. அந்த 64 மெகாபிக்சலும் முழுக்க நிஜமில்லையாம். சென்சார் தருவது கொஞ்சம். மீதியைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் தானாக இட்டு நிரப்புகிறது. நமக்குத் தெரிந்த சொல்லில் சொன்னால் இடைச்செருகல். ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு இடைச்செருகலைத் தேடித்தேடி நீக்கினார்கள். இங்கே அதைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்து விற்கிறார்கள்.

இத்தனைக்கும் பாரிஸில் எத்தியன் ழூல் மாரே என்ற உடலியல் அறிஞர் 1894-லேயே ஒரு பூனையைத் தலைகீழாகப் பிடித்து விட்டு, அது அந்தரத்தில் திரும்பிக் காலூன்றி விழுவதை அடுத்தடுத்த படங்களாக எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு அறிவியல் அகாதமிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். காற்றில் விழும் பூனையை அன்றைக்கே பிடித்தாயிற்று. சோபாவில் கிடக்கும் பூனையை என்னால் பிடிக்க முடியவில்லை.

சரி, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மூன்றாம் நாள் அவர்களுடைய செயலியைத் திறந்தேன். காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. பொருள் உடைந்திருக்கிறது, வேறு பொருள் வந்திருக்கிறது, வேலை செய்யவில்லை, உதிரிப் பொருள் குறைகிறது. நான்கே நான்கு. என் காரணம் அதில் இல்லை. கேமரா உடையவில்லை. நான் கேட்ட கேமராதான் வந்தது. பொத்தானை அழுத்தினால் கிளிக் என்கிறது. வயிற்றெரிச்சல் என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அமுக்கியிருப்பேன்.

வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒரு பிள்ளை பேசினான். மரியாதையான பிள்ளை, பாவம்.

"பொருள்ல என்ன குறை மேடம்?"

"படம் நல்லா வரலைப்பா."

"படம் வருதா மேடம்?"

"வருது. நல்லா வரலை."

"வருதுன்னா அது வேலை செய்யுது மேடம்."

இதற்கு மேல் என்ன தர்க்கம் செய்வது? ஐந்தாம் நாள் பரிசோதிக்க ஒருவரை அனுப்பினார்கள். அவர் எங்கள் வீட்டுச் சன்னலோர ரோஜாத் தொட்டியைப் படம் எடுத்தார். அழகாக வந்தது. மொட்டைவெயில், அசையாத பூ. வராமல் எங்கே போகும்? "பூனையை எடுங்கள்" என்றேன். பூனை பீரோ மேல் ஏறிவிட்டது. குறை ஏதுமில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார். அதன்பிறகும் நான் விடாமல் நச்சரித்ததால், விசேஷச் சலுகையாக எடுத்துக்கொள்கிறோம் என்று ஆறாம் நாள் ஓர் ஆளை அனுப்பினார்கள். வந்த பையன் வாசலிலேயே நின்று, "பெட்டி எங்கே மேடம்?" என்றான்.

பெட்டி மிளகிடம் இருந்தது. ஒரு மூலையைக் கடித்துத் துப்பியிருந்தது. ஒரு பக்கம் நகம் தீட்டிய கோடுகள். மூடியைக் காணோம், அதை ரவை எங்கோ இழுத்துப் போயிருந்தது. பையன் உதட்டைப் பிதுக்கினான். "ஒரிஜினல் பேக்கிங் டேமேஜ்னு போடணும் மேடம். கேன்சல் ஆயிடும்." ஆனது. எந்த ஜீவனுக்காக வாங்கினேனோ அதுவே என் வழக்கைத் தோற்கடித்தது.

அன்று ராத்திரி பழைய ஞாபகம் ஒன்று வந்தது. நான் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் ஓர் அச்சகத் தவறு. சில நூறு பிரதிகளில் ஒரு ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) இரட்டித்து, இன்னொரு ஃபாரம் விட்டுப்போய்விட்டது. தொடர்கதை நடுவில் அறுந்து, சமையல் குறிப்பு இரண்டு தடவை வந்திருந்தது. கும்பகோணத்திலிருந்து ஒரு பெரியவர் இதழைத் தபாலில் திருப்பி அனுப்பியிருந்தார், கூடவே ஒரு வரி: வத்தக்குழம்பு தெரியும், கதாநாயகன் என்ன ஆனான் என்று தெரியவில்லை. அப்போதைய ஆசிரியர் அன்றே புதுப் பிரதி அனுப்பச் சொன்னார். உறை இருக்கிறதா, முனை மடங்கியிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இணையக்கடை ஒரு நாளில் அனுப்பும் பொருட்களோடு எங்கள் சில நூறு பிரதியை ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ஒப்பிட்டேன், கோபம் அப்படி.

வழி காட்டியது மறுபடியும் புகைப்படக்காரர்தான். "நீங்க நல்லா இல்லை, நல்லா இல்லைன்னே சொல்றீங்க. அவங்க சொன்னது என்ன, குடுத்தது என்னன்னு கேளுங்க" என்றார். கையேட்டை எடுத்து உட்கார்ந்தோம். மனித முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தது. செல்லப்பிராணியின் கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி எந்தப் பக்கத்திலும் இல்லை. மெனுவில் துழாவினோம், அங்கும் இல்லை. விளம்பரத்தில் மட்டும் இருந்தது.

பத்து நாளாக நான் பேசியது என் ஏமாற்றத்தை. இத்தனை வருஷம் மற்றவர்கள் எழுத்தில் பென்சிலை வைத்து 'என்ன சொல்ல வருகிறீர்கள்?' என்று ஓரத்தில் குறித்தவளுக்கு, தன் புகாரைத் தெளிவாக எழுதத் தெரியவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-இல் மின்வணிக விதிகள் வந்தன. அவற்றின்படி, பொருள் பழுதாக இருந்தால் மட்டுமல்ல, விளம்பரத்தில் சொன்ன தன்மையோ வசதியோ அதில் இல்லாவிட்டாலும் விற்பவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. இணைய வணிக நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அலுவலரின் முகவரி செயலியின் அடியாழத்தில், யாரும் படிக்காத சின்ன எழுத்தில் இருந்தது.

ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், கையேட்டின் பக்கங்கள், பில். பூனையைப் பற்றி ஒரு வரி இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் அழைத்துப் பதிந்தேன், தமிழிலேயே பேசினார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வைக்க வேண்டியதில்லை, நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதுவரை போகாமலே பணம் தருகிறோம் என்று பதில் வந்தது. அந்த விளம்பர வரியையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் இருந்திருந்தால் என் கதி என்ன? எதை வாங்கினாலும் வாங்குகிற அன்றே அந்த விளம்பரப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பரண் மேல் ஏற்றிவிடுங்கள். உங்கள் வீட்டில் பூனை இருந்தால் பரணும் ஆபத்துதான்.

பணம் திரும்பும், பூனைப் படத்துக்கு என்ன வழி? அமெரிக்காவில் வால்டர் சண்டோஹா என்றொரு புகைப்படக் கலைஞர் இருந்தார். 1949 குளிர்காலத்தில் நியூயார்க்கில் பனியில் நின்ற ஒரு குட்டியைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதைப் படமெடுக்க ஆரம்பித்தவர் தொண்ணூறாயிரத்துக்கும் மேல் பூனைப் படங்கள் எடுத்துவிட்டு 2019-இல் 98 வயதில் காலமானார். அவருடைய படங்களை எங்கள் புகைப்படக்காரர் காட்டியபோது ஒன்று தெரிந்தது. பல படங்களில் அவர் நின்றபடி குனிந்து எடுக்கவில்லை; பூனையின் கண்மட்டத்துக்கு இறங்கியிருக்கிறார். நானும் இப்போது காலை எட்டு மணிக்குச் சன்னலோரம் தரையில் குப்புறப் படுக்கிறேன். அதே பழைய கைபேசிதான். எழுந்திருக்கும்போது முட்டி கொஞ்சம் புகார் சொல்கிறது. படங்கள் பரவாயில்லை என்று கோயம்புத்தூரிலிருந்து தீர்ப்பு.

உங்கள் வீட்டுப் பூனைப் படங்களையும் அனுப்புங்கள். நன்றாக வந்தவை வேண்டாம். அவற்றை உறவினர்களுக்கு அனுப்பிவிட்டிருப்பீர்கள். குலுங்கியது, வால் மட்டும் விழுந்தது, கண் டார்ச்சாக எரிந்தது, இவற்றை அனுப்புங்கள். அடுத்த மாதம் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேமராவை எடுத்துக்கொள்ள இருபத்துநான்காம் நாள் வேறொரு பையன் வந்தான். இந்தத் தடவை பெட்டியைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. இருந்தாலும் நான் பழுப்பு டேப் சுற்றித் தயாராக வைத்திருந்தேன். உள்ளே பார்த்துவிட்டு, "முடியா இருக்கேக்கா" என்றான். ஒரு கைப்பிடி கறுப்பு ரோமத்தை வழித்துப் போட்டேன். பொருளைப் படமெடுத்து அனுப்பினால்தான் அவன் வேலை முடியும். பெட்டியை வாசல்படியில் வைத்து, செல்போனை நீட்டினான். தன் பெட்டியை யாரோ கொண்டுபோகிறார்கள் என்று மிளகு ஓடிவந்து அதன் மேல் முன்னங்காலை ஊன்றி நிமிர்ந்து பார்த்தது. கிளிக்.

எட்டிப் பார்த்தேன். பதின்மூன்று வருஷத்தில் அப்படி ஒரு படம் அமைந்ததில்லை. சாயங்கால வெயில் பக்கவாட்டில். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. மீசை முடியை எண்ணிவிடலாம்.

"தம்பி, இதை எனக்கு அனுப்பிடேன்" என்றேன்.

"ஆப்புக்குள்ள எடுத்ததுக்கா. நேரா அவங்களுக்குப் போயிடும். நம்ம போன்ல நிக்காது" என்று சொல்லிவிட்டு, பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

அன்புடன்,
ஆசிரியர்