தீர விசாரித்த பின் மருந்தடியுங்கள்



கொள்ளுப்பிட்டிச் சந்தையில் கோழியிறைச்சியின் விலையைக் கேட்டு முகம் சுளிக்கும் நம்மில் எத்தனை பேர், அந்தக் கோழி தின்ற சோளத்தைப் பற்றி நினைத்திருப்போம்? கோழித் தீனியில் பெரும்பங்கு சோளம்தான். கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாவிலும் சோளம் முக்கியமானது. ஆகவே சோளத்தில் புழு விழுந்தால் அது கமக்காரரின் கவலை மட்டுமல்ல, நம் அடுப்படியின் கவலையும்தான்.

2018ஆம் ஆண்டின் இறுதியில் அப்படியொரு புழு நம் நாட்டில் பரவியது. அம்பாறை, மொனராகலை, அனுராதபுரம் மாவட்டங்களின் பெரும்போகச் சோளத்தை அது தாக்கியது. 'சேனா' என்று பெயர் வைத்தார்கள். படைப்புழு என்றும் சொல்வார்கள். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இப்புழு 2016இல் ஆபிரிக்காவிலும், 2018 நடுப்பகுதியில் இந்தியாவின் கர்நாடகத்திலும் கண்டறியப்பட்டது. இதன் தாய் ஒரு சிறிய பழுப்பு நிற அந்துப்பூச்சி. காற்றின் துணையோடு ஓர் இரவில் நூறு கிலோமீற்றர் வரை பறக்க வல்லது.

அம்பாறைப் பக்கம் சோளம் செய்யும் என் சாச்சி சொன்னார்: "இலையில ஓட்டையைக் கண்டதும் பயந்து போனம் மகள். காப்பை அடகு வெச்சு மருந்து வாங்கி அடிச்சம். பொறகு பார்த்தா எங்கட தோட்டத்தில இருந்தது வேற புழு."

காப்பும் போனது, நன்மை செய்யும் பூச்சிகளும் நஞ்சில் மடிந்தன. ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துச் செயற்படுவது ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குத் தரும் பாடமல்லவா? அது மனிதரைப் பற்றிய செய்திக்கு மட்டுமா?

சேனாவை அடையாளம் காண்பது கடினமல்ல. வளர்ந்த புழுவின் தலையில், தலைகீழாக எழுதிய ஆங்கில 'வை' எழுத்துப்போல் வெளிறிய கோடு இருக்கும். வாலுக்குச் சற்று முன்னே நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குருத்துக்குள் மரத்தூள் போன்ற ஈரமான எச்சம் கிடக்கும். முட்டைகள் நூறு, இருநூறாகக் கூட்டமாய், மேலே பஞ்சுபோல் மூடப்பட்டிருக்கும்.

தோட்டத்தின் ஓரத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். குறுக்கும் மறுக்குமாக நடந்து ஐந்து இடங்களில் நின்று, ஒவ்வோரிடத்திலும் பத்துச் செடிகளின் குருத்தைப் பாருங்கள். தாக்கப்பட்டவை எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பயிர் இளசாக இருக்கும்போது வாரத்துக்கு இரண்டு முறை பார்த்தால் நல்லது. பெண் பூச்சியின் வாசனையை வைத்து ஆண் பூச்சிகளைப் பிடிக்கும் பொறிகளும் உண்டு. பொறியில் பூச்சி விழத் தொடங்கினால், புழு வருமுன்னே எச்சரிக்கை கிடைத்துவிடும்.

முட்டைக் கூட்டத்தைக் கண்டால் கையால் நசுக்கிவிடலாம். சந்தேகமிருந்தால் புழுவை ஒரு போத்தலில் அடைத்துக் கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். மருந்து தேவையென்றால் எது, எவ்வளவு என்பதையும் அவரிடமே கேளுங்கள். புழு பகலில் குருத்துக்குள் ஒளிந்திருப்பதால், அடிப்பதானால் அதிகாலையிலோ மாலையிலோதான் பயன் தரும். மருந்துப் போத்தலைச் சமையலறையில் வைக்க வேண்டாம். பிள்ளைகளின் கைக்கு எட்டவும் வேண்டாம்.

சகோதரிகளே, குருத்தை விரித்துப் பார்க்கும் பொறுமை நம் பெண்களுக்கு நிறையவே உண்டு. அந்தப் பொறுமை ஒரு காப்பை அடகுக் கடைக்குப் போகாமல் காக்கும். நமது றிஸ்கில் அல்லாஹ் பரகத் செய்வானாக. ஆமீன்.