பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, தங்க இடம்?

வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாளில் வன்னி வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். எந்தப் பீடம் என்பது முதலாவது. எங்கே தங்குவது என்பது இரண்டாவது. முதலாவது கேள்விக்குப் பதில் சொல்ல அரசிடம் ஒரு முறை இருக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் அனுமதி பிரிக்கப்படுகிறது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா ஆகியவை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். இரண்டாவது கேள்விக்கு எந்த முறையும் இல்லை. தெரிந்தவரிடம் கேள், சீனியரிடம் கேள், தெருத்தெருவாகத் தேடு என்பதே பதில்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நான் மூன்று அறைகளில் இருந்தேன். இப்போது வன்னியிலிருந்து தெரிவாகும் சில பிள்ளைகளுக்கு அறை தேடிக் கொடுக்கிறேன். இந்த அலைச்சலில் எனக்கு உறுதிப்பட்ட விடயம் ஒன்றுதான்: அறை தேடுவது அந்தந்தக் குடும்பத்தின் சொந்தப் பாடு என்று நாம் விட்டுவைத்திருக்கும் வரை, இலவசக் கல்வி பல்கலைக்கழக வாசலோடு நின்றுவிடும்.

விடுதிகள் எல்லோருக்கும் போதாது. பொதுவாக முதலாம் வருடத்தவருக்கும் இறுதி வருடத்தவருக்குமே முன்னுரிமை. இடைப்பட்ட வருடங்களில் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் வீடுகளே தஞ்சம். பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. அங்கே நிலைமை வேறு. திருநெல்வேலியில் பரம்பரையாக அறை வாடகைக்கு விட்டுப் பழகிய வீடுகள் உண்டு. அறிவியல் நகரைச் சுற்றியிருப்பவர்களோ மீள்குடியேறிய மக்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா உதவியோடு கட்டிய சிறிய வீட்டில் ஓர் அறையை மாணவருக்கு விட்டால், அந்தக் குடும்பம் விறாந்தையில் படுக்க வேண்டும்.

காசுக் கணக்கைப் பார்ப்போம். மகாபொல கொடுப்பனவு 2025 வரவுசெலவுத்திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நல்ல விடயம்தான். ஆனால் புதுமுக மாணவருக்கு அது கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். வீட்டுக்காரருக்கு முற்பணம் முதல் நாளே வேண்டும். இந்த இடைவெளியை அடகுக் கடையோ வட்டிக்காரரோதான் நிரப்புகிறார்கள். கணவனை இழந்த அல்லது காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய், மகளின் படிப்பை ஒரு கடனோடுதான் தொடங்கி வைக்கிறாள்.

வாடகை பேசும்போது பெரும்பாலும் பேசாமல் விடப்படுவது மின்கட்டணம். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் கூட்டப்பட்டது. பின்னர் குறைப்புகள் வந்தாலும், அலகு கூடக் கூட ஓர் அலகின் விலையும் ஏறும் முறை அப்படியே இருக்கிறது. ஆறு, ஏழு பிள்ளைகள் ஒரே மீற்றரில் விசிறியும் மடிகணினியும் பாவித்தால், அந்த வீடு 180 அலகைத் தாண்டி ஆகக்கூடிய விலைப்படிக்குப் போய்விடும். தனித்தனியாகப் பாவித்திருந்தால் எவருமே அந்தப் படிக்கு வந்திருக்கமாட்டார்கள். வீட்டுக்காரர் ஏமாற்றுகிறார் என்று பிள்ளைகளும், பிள்ளைகள் வீணாக்குகிறார்கள் என்று வீட்டுக்காரரும் குறைப்படுவதற்குப் பின்னால் பல இடங்களில் இந்தப் படிமுறைதான் இருக்கிறது.

காசை விடச் சங்கடமானது வாசலில் கேட்கப்படும் கேள்வி. “எந்த ஊர்? அப்பா என்ன செய்யிறார்?” யாழ்ப்பாணத்தில் ஊர் கேட்பது ஊரை மட்டும் அறிவதற்கல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். சாதியை நேரே கேட்காமல் அறியும் வழி அது. கிளிநொச்சியில் குடியேறிய மலையக வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கேள்வியின் கனம் நன்றாகத் தெரியும். “அப்பா இல்லை” என்று சொல்லும் பெண்பிள்ளைக்கு அடுத்த கேள்வி, “அப்ப ஆர் பொறுப்பு?” இரண்டு கேள்விகளுக்கும் பிறகு “அறை நேற்றுத்தான் குடுத்தது பிள்ளை” என்ற பதில் வந்தால், அதை எங்கே போய் முறையிடுவது?

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. அறை விடுபவர்களில் பலர் பிள்ளைகள் வெளிநாடு போன பின் தனித்திருக்கும் முதியவர்கள், அறை வாடகையிலேயே அடுப்பெரிக்கும் விதவைகள். முன்பின் தெரியாதவரை வீட்டில் வைத்தால் வில்லங்கம் வரும் என்ற பயம் அவர்களுக்கு வானத்திலிருந்து விழவில்லை. யார் தங்குகிறார்கள் என்று பொலிஸும் இராணுவமும் பதிவெடுத்த காலத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் இரவோடிரவாக பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதையும், மறுநாள் உயர்நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியதையும் எமது சமூகம் மறக்கவில்லை. வாடகை அறை எங்களுக்கு நெடுங்காலம் பாதுகாப்புப் பிரச்சினையாகவே இருந்தது. அந்தப் பயத்தின் மிச்சத்தை இன்று பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் சுமக்கிறார்கள்.

பகிடிவதைக்கும் இந்த அறைத் தேடலுக்கும் உள்ள தொடர்பை நாம் போதியளவு பேசுவதில்லை. எந்த வீட்டில் அறை காலியாகிறது என்ற தகவல் சீனியர்களிடம்தான் இருக்கிறது. நல்ல மனதோடு உதவுபவர்களே அதிகம். ஆனால் தலைக்கு மேல் கூரை தந்தவர் இரவில் கதவைத் தட்டும்போது முடியாது என்று சொல்வது புதிதாக வந்த பிள்ளைக்கு இலகுவல்ல. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் கல்வி நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் அது குற்றம் என்றே சொல்கிறது. சட்டம் அறை வரைக்கும் போகிறது. நிர்வாகத்தின் கண் போவதில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவு ஓர் அறைப் பதிவேட்டை வைத்திருக்கலாம். வீட்டை நேரில் பார்த்து, எத்தனை பேர், எத்தனை மலசலகூடம், கிணறா குழாய்நீரா, கதவுக்குப் பூட்டு உண்டா, மின்கட்டணம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று எழுதி வைத்தால் போதும். தகவல் பொதுவில் வந்துவிட்டால் சீனியர் தயவு தேவையில்லை. வீட்டுக்காரருக்கும் வருபவர் யார் என்ற உறுதி கிடைக்கும். ஊர் கேட்டுத் தட்டிக்கழிப்பவரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கவும் முடியும். அதோடு தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்க ஒப்பந்தப் படிவம் ஒன்று வேண்டும். தெற்கிலிருந்து வரும் சிங்கள மாணவர்களும் இதே தெருக்களில்தான் அறை தேடுகிறார்கள். மொழி தெரியாத ஊரில் அவர்களுக்கும் இது உதவும்.

புலம்பெயர்ந்த உறவுகளிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. பாடசாலைக்கு நுழைவாயிலும் மண்டபமும் கட்டப் பழைய மாணவர்கள் மனமுவந்து தருகிறார்கள். அதே தெருக்களில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் உண்டு. அவற்றில் சிலவற்றைப் பொறுப்பான ஓர் அமைப்பின் மேற்பார்வையில் பெண் மாணவர்களுக்கு விட்டால் வீடும் பாழடையாது. அதுவும் இயலாதென்றால், முற்பணத்துக்காக வட்டியில்லாச் சுழற்சி நிதியொன்றை உருவாக்கலாம். ஒரு பிள்ளை திருப்பிக் கொடுக்கும் காசு அடுத்த பிள்ளைக்கு முற்பணமாகும்.

இவையெல்லாம் வரும்வரை, இப்போது அறை தேடும் பெற்றோருக்குச் சொல்லக்கூடியது இதுதான். வாடகை குறைவு என்பதற்காகத் தூரத்தில் எடுக்காதீர்கள். நூலகத்திலிருந்து இருட்டில் திரும்பும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள். முற்பணத்துக்கு எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். குடிபுகும் நாளில் மீற்றரின் இலக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். விடுமுறை மாதங்களுக்கு வாடகை உண்டா, இடையில் விலகினால் முற்பணம் திரும்புமா என்று முதலே கேளுங்கள். முன்னர் அங்கே இருந்த பிள்ளையோடு வீட்டுக்காரர் இல்லாத இடத்தில் ஐந்து நிமிடம் பேசுங்கள்.

யுத்தம் முடிந்து பிறந்த பிள்ளைகள் இப்போது பல்கலைக்கழக வாசலுக்கு வரும் வயதை நெருங்குகிறார்கள். பங்கருக்குள்ளும் முகாமிலும் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள். மாவட்ட ஒதுக்கீடு அவர்களுக்கு ஓர் இருக்கையைத் தந்திருக்கிறது. இரவில் கதவைப் பூட்டிக்கொண்டு பயமில்லாமல் படிக்க ஓர் அறையைத் தரவேண்டியது பல்கலைக்கழகத்தினதும் எங்களதும் கடமை.