கடையில் ஒரு தட்டு, வீட்டில் ஒரு மணி நேரம்



பருப்பு விலை, புளி வரத்து, வரிக் கணக்கு என்று எழுதப்பட வேண்டிய பக்கத்தில் பொம்மை பின்னுவதைப் பற்றியும் பல்லாங்குழி ஆடுவதைப் பற்றியும் எழுத வந்துவிட்டார்களே என்று நம்மில் சிலர் சிரிக்கக்கூடும். மதுரை கீழமாசி வீதியில் 40 ஆண்டுகளுக்கு மேலாக மளிகை மொத்த வியாபாரம் செய்துவருகிற எங்களுக்கு, இது நம் கடைக்கும் சேர்ந்த விஷயம், நம் வீட்டுக்கும் சேர்ந்த விஷயம் என்று படுகிறது. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த படிப்பில், அனுபவத்தில் கண்டதை எழுதுகிறோம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்து மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருக்கும். ஊசி, நூல்கண்டு, பாசிமணி, சோழி, கோலிக்குண்டு, பம்பரக் கயிறு எல்லாம் அதற்குள் கிடக்கும். அரிசி பருப்பு வாங்க வந்த தாய்மார்கள் மீதிச் சில்லறைக்கு அதிலிருந்து ஏதாவது எடுத்துப் போவார்கள். காலித் தீப்பெட்டியைக் கேட்டு வாங்கிப்போய், இரண்டு பெட்டிக்கு நடுவே நூலைக் கட்டி டெலிபோன் பேசாத பிள்ளைகள் உண்டா? புளி உடைக்கும் இடத்தில் கொட்டையைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு ஓடாத பிள்ளைகள்தான் உண்டா? கடையில் விற்றதும் கடையில் மிஞ்சியதும் தெருவுக்கே விளையாட்டுச் சாமானாக இருந்தன.

இன்று அதே இடத்தில், உள்ளே பொம்மை வைத்த தின்பண்டப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. அந்தத் தகர டப்பாவை நம்மிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. சீக்கிரம் ஓடுகிற சரக்கு வந்ததும் நாமே அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டோம்.

எங்கள் தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2017ஆம் ஆண்டு பிளாஸ்டிக் பொம்மைகளை மூட்டை மூட்டையாக எடைக்கு வாங்கி விற்றோம். தயாரித்தவர் பெயர் கிடையாது, முத்திரை கிடையாது. விலை மலிவு, ஓட்டம் அதிகம் என்பதை மட்டுமே பார்த்தோம். ஒரு நாள் உசிலம்பட்டிப் பக்கத்துச் சில்லறை வியாபாரி ஒருவர், எங்களிடம் 20 ஆண்டுப் பற்று வரவு உள்ளவர், கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து சின்னக் கார்ச் சக்கரம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். “அண்ணாச்சி, இது நம்ம தெருப் பிள்ளை தொண்டையில மாட்டின சக்கரம். ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. பிள்ளை பிழைச்சிருச்சு. உங்ககிட்ட காட்டணும்னு தோணுச்சு” என்றார். பணம் கேட்கவில்லை, சண்டை போடவில்லை. சரக்குச் சிட்டையைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சக்கரம் இன்றும் எங்கள் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. மீதி மூட்டைகளை அன்றே அழித்தோம்.

பிறகு சட்டமே வந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தாக வேண்டும் என்பது 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. முத்திரை இல்லாததை விற்பவரும் குற்றவாளியே. மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைக்கும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை போலப் புவிசார் குறியீடு பெற்றவற்றை அதற்கு உரியவர்கள் செய்து விற்பதற்கும் விலக்கு உண்டு. பொம்மைச் சரக்கு வைத்திருக்கும் அன்பர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். வரியைப் பொறுத்தவரை, மின்னணு அல்லாத பொம்மைகளுக்கும் கேரம், சதுரங்கம், லூடோ போன்ற பலகை ஆட்டங்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

சட்டம் கெட்ட பொம்மையைத் தடுக்கும். நல்ல விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவருவது சட்டத்தால் ஆகிற காரியமல்ல. இது எங்களுக்கு விளங்கியது 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது.

மளிகைக் கடைகளை மதியத்தோடு அடைக்கச் சொன்ன நாட்கள் அவை. பிற்பகலில் வீட்டில் இருந்து பழக்கமில்லாத எங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. 6 வயதுப் பேத்தி செல்போனை விட்டுத் தலை தூக்கவில்லை. வீட்டு அம்மாள் கிட்டங்கியிலிருந்து ஒரு கை புளியங்கொட்டை கொண்டுவரச் சொன்னார். அதில் ஆறு கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை திண்ணைக் கல்லில் தேய்த்தார். பேத்தி வந்து எட்டிப் பார்த்தாள். தானும் தேய்த்தாள். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, அன்று சாயங்காலம் தாயம் ஆடினோம். தாயம் விழாமல் காய் இறங்காது என்பதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற எங்கள் மூத்த மகன் கேட்டார்: “அப்பா, உங்களுக்குத் தாயம் ஆடத் தெரியுமா? நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப நீங்க ஒரு நாள்கூட ஆடி நான் பார்த்ததில்லையே!”

அவருக்கு அப்போது 34 வயது. அவர் கோபமாகக் கேட்கவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டார். எங்களுக்குத்தான் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதிகாலையில் கடை திறந்து, இரவு பத்து மணிக்குக் கணக்கு முடித்து வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிப்போயிருப்பார்கள். அவர்களுக்காகத்தான் உழைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அவர்களோடு உட்காராமல் இருந்துவிட்டோம். நம்மில் எத்தனை பேருக்கு இந்தக் கதை பொருந்தும் என்பதை அவரவரே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நாட்களில்தான் எங்கள் மருமகள் உல்லன் நூலில் ஒரு முயல் பின்னினார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு சாண் அளவுக்குச் சதுரமாக ஒரு துண்டு பின்னிக்கொள்ள வேண்டும். அதன் நடுவில் குறுக்காக ஒரு ஓட்டுத் தையல் போட்டு, அந்தக் கோட்டின் இரு முனையிலிருந்தும் மேல் விளிம்பின் நடுப்புள்ளிக்குத் தையலைக் கொண்டுபோனால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதற்குள் பஞ்சு வைத்து நூலை இழுத்து முடிந்தால் தலை வந்துவிடும். மேலே மிஞ்சும் இரண்டு மூலைகளும் காதுகள். கீழ்ப் பாதியைப் பஞ்சு வைத்து மூடித் தைத்தால் உடம்பு. கண்ணுக்குப் பொத்தானோ மணியோ வைக்காமல் கறுப்பு நூலாலேயே தைத்துவிட வேண்டும். பிய்த்து வாயில் போட எதுவும் இருக்காது. உள்ளே திணிக்க இலவம் பஞ்சு உண்டு. அது நனைந்தால் கட்டி தட்டும் என்பதால், துவைக்க வேண்டிய பொம்மைக்குப் பழைய பனியன் துணியைப் பொடியாக நறுக்கி வைத்தார்கள். அந்த முயலுக்கு ஒரு காது நீளம், ஒரு காது குட்டை. இருந்தாலும், கடையில் வாங்கிய பொம்மைகளெல்லாம் உடைந்து குப்பைக்குப் போன பிறகும் அது இன்னும் வீட்டில் இருக்கிறது. தானும் கூடச் சேர்ந்து செய்த பொருளைப் பிள்ளை தூக்கி எறிவதில்லை.

ஊசிப் பின்னல் நமக்குச் சம்பந்தமில்லாத சீமைச் சமாச்சாரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நாகர்கோவிலில் 1820களிலேயே மார்த்தா மால்ட் அம்மையார் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைத்தொழில் பின்னர் அந்தப் பகுதிப் பெண்கள் பலருக்கு வருமானமானது. ஊசியும் நூலும் நம் பெண்களுக்குப் புதிதல்ல.

இனி வியாபாரத்துக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு எங்கள் கடையில் ஒரு தட்டை இதற்கென ஒதுக்கினோம். முதல் 4,000 ரூபாய். உல்லன் நூல், பின்னல் ஊசி, குரோஷா ஊசி, எம்ப்ராய்டரி நூல், சோழி, தாயக்கட்டை, பல்லாங்குழிப் பலகை ஆகியவற்றை வைத்தோம். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், முதல் மூன்று மாதம் தூசி தட்டியதுதான் மிச்சம். கோடை விடுமுறை வந்ததும் கேட்க ஆரம்பித்தார்கள். எங்களிடம் கொள்முதல் செய்யும் சில்லறைக் கடைக்காரர்கள் சிலர் இப்போது மாதச் சிட்டையில் இவற்றையும் எழுதி அனுப்புகிறார்கள். இதில் மாடி வீடு கட்டிவிட முடியாது. ஆனால் சர்க்கரையிலும் எண்ணெயிலும் கிலோவுக்குச் சில்லறைக் காசு பார்க்கும் நமக்கு, காலாவதித் தேதி இல்லாத, எலியும் ஈரமும் படாமல் வைத்தால் போதும் என்கிற சரக்கு நஷ்டமல்ல. ஊசி வாங்க வரும் தாய்மார் உப்பும் புளியும் நம்மிடமே வாங்கிப்போவார். பெரிய அங்காடிகளோடு விலையில் நம்மால் போட்டி போட முடியாத காலம் இது. “இந்த நூலுக்கு எந்த ஊசி?” என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்ல நம் கடையில்தான் ஆள் இருக்கிறது.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, குன்றிமணியை விளையாட்டுச் சாமானாக விற்கவே கூடாது. கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான விஷம் அதில் இருக்கிறது. இரண்டு, சோழியும் புளியங்கொட்டையும்கூட 3 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. வாங்குபவரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மூன்று, யாரேனும் பின்னிய பொம்மைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தால், கைவினைஞர் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்க வேண்டும். பதிவு இல்லாதவர்களுக்கு அதை எடுக்க வழி சொல்லுங்கள். அதுவரை நூலையும் ஊசியையும் விற்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனைத்தானே கேட்கிறார்கள் என்பார்கள் சிலர். செல்போனைத் தூக்கி எறியச் சொல்ல நாங்கள் யார்? எங்களுக்கே ஆர்டர் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஆனால் செல்போனைக் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போய்விடலாம். தாயம் ஆட வேண்டுமானால் நாமும் தரையில் உட்கார்ந்தாக வேண்டும். பிள்ளைகள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்பதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டவர்கள் நாங்கள்.

1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சிப்பந்திகளுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கொடுக்கச் சொல்கிறது. முதலாளி வீட்டில் உட்கார வேண்டும் என்று சொல்ல எந்தச் சட்டமும் இல்லை. அதை நமக்கு நாமே விதித்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், கணக்குப் புத்தகமும் செல்போனும் இல்லாமல் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் உட்காருவோம். அதேபோல் நம் ஒவ்வொருவர் கடையிலும் ஒரு தட்டைக் கைவேலைச் சாமான்களுக்கு ஒதுக்குவோம். நம் சங்கத்தின் ஆண்டு விழாவிலும், பேச்சாளர்களின் நேரத்தில் கொஞ்சம் குறைத்து, குடும்பங்கள் சேர்ந்து பல்லாங்குழியும் தாயமும் ஆட அரை நாள் கொடுத்தால் நிர்வாகிகளுக்குப் புண்ணியம் உண்டு. பரிசுக்கான செலவில் எங்கள் பங்கைக் கொடுக்கச் சித்தமாக இருக்கிறோம்.

எங்கள் மகனின் பிள்ளைப் பருவம் திரும்பி வராது. இன்று கடை நடத்தும் இளைய அன்பர்களின் பிள்ளைகள் இன்னும் சின்னவர்களாகவே இருக்கிறார்கள். இன்றிரவு அவர்கள் தூங்குவதற்கு முன் வீடு போய்ச் சேருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.