சந்தேகம் சாட்சியம் ஆகாது!

 

கடைவீதியில் ஒரு கடையின் பூட்டு உடைக்கப்பட்டால் அன்று முழுவதும் அதுவே பேச்சு. "இவனுங்களைப் பிடிச்சு சுட்டுத் தள்ளணும்" என்று யாராவது சொல்வார். சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். வட்டிக்கு வாங்காமல், நகையை அடகு வைத்து, பெருநாள் சரக்கை இறக்கி வைத்த வியாபாரியின் வயிற்றெரிச்சல் நமக்குப் புரியாமல் இல்லை. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்புக் கேட்பது அவரது உரிமை. அதைத் தருவது அரசின் கடமை. அதில் நமக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு எந்த வழியில் வருகிறது என்பதையும் கேட்க வேண்டாமா?

தொலைதூரம் போக வேண்டாம். 2011 நவம்பரில் நம் திருக்கோவிலூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். திருட்டு வழக்கு விசாரணை என்று சொல்லி தி.மண்டபம் கிராமத்து இருளர் குடும்பங்களைப் போலீஸார் அழைத்துச் சென்றார்கள். அந்தக் குடும்பத்துப் பெண்கள் நால்வர், காவலர்களால் தாங்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார் கொடுத்தபோது தமிழகமே அதிர்ந்தது. காவலர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். திருட்டு நடந்தால் இருளர் வீட்டுக் கதவைத் தட்டுவது பழைய வழக்கம். ஆதாரம் தேடுவது கடினம். கேட்க நாதியற்றவனைத் தேடுவது சுலபம்!

"அது மலையடிவாரத்து ஏழைகளின் கதை, நமக்கென்ன?" என்று வியாபாரிகள் நினைத்துவிட வேண்டாம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் செய்த குற்றம் என்ன? ஊரடங்கு நேரம் கடந்து கைபேசிக் கடையைத் திறந்து வைத்தார்கள் என்பதுதான் புகார். ஜூன் 19 அன்று காவல் நிலையத்துக்குள் போன தந்தையும் மகனும் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து மடிந்தார்கள். தமிழகம் எங்கும் கடைகள் அடைக்கப்பட்டன. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. காவல் நிலையத்தையே வருவாய்த்துறை தன் பொறுப்பில் எடுக்க உத்தரவிட்டது. அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் கண்டதைக் கண்டபடி மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். சி.பி.ஐ. ஒன்பது போலீஸார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்த வழக்கைத் தூக்கி நிறுத்தியது சாட்சியம்.

நம் சமுதாயத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1997 நவம்பர் 29 அன்று கோவையில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். அது கொடிய பாவம். அதற்கு நியாயம் கற்பிக்க நாம் வரவில்லை. ஆனால் அதற்குப் பழியாக ஒன்றுமறியாத 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். வியாபாரிகளின் வாழ்நாள் உழைப்பு சாம்பலானது. 1998 பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் போயின. அதுவும் அநியாயம், அதுவும் பாவம்! குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் அதே வழக்கில் 1998இல் கைதான அப்துல் நாசர் மதானி ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த பிறகு, 2007 ஆகஸ்ட் 1 அன்று குற்றமற்றவர் என விடுதலையானார். போன ஒன்பது ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது?

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. நியூயார்க் நகரில் குற்றத்தை ஒழிக்கிறோம் என்று தெருவில் போவோரை நிறுத்திச் சோதித்தார்கள். 2011இல் மட்டும் சுமார் 6 லட்சத்து 85 ஆயிரம் சோதனைகள்! பெரும்பாலோர் கறுப்பர், லத்தீன் இளைஞர்கள். பத்தில் ஒன்பது பேரிடம் ஒரு குற்றமும் இல்லை. 2013இல் அந்நடைமுறை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோதனையைக் குறைத்தால் நகரம் சுடுகாடாகும் என்று பயமுறுத்தினார்கள். நடந்தது என்ன? 2011இல் ஐந்நூறுக்கு மேல் இருந்த கொலைகள் 2017இல் முந்நூறுக்குக் கீழே இறங்கின!

அதே நகரில் 1989இல் பூங்கா ஒன்றில் நடந்த கொடுமைக்காக ஐந்து சிறுவர்கள் பிடிபட்டார்கள். அவர்களில் யூசுப் சலாம் என்ற பதினைந்து வயது முஸ்லிம் சிறுவனும் ஒருவர். உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு, மரபணுச் சோதனையும் அதை உறுதி செய்த பிறகு, 2002இல்தான் அவர்கள் மீதான தண்டனை ரத்தானது. அப்பாவிகளைப் பிடித்த பிறகும் அசல் குற்றவாளி சில மாதங்கள் வெளியே திரிந்து மேலும் குற்றங்கள் செய்தான் என்பதைக் கவனியுங்கள். தவறான ஆளைப் பிடிப்பது அப்பாவிக்கு மட்டும் அநீதியல்ல, ஊருக்கே ஆபத்து.

மறுபக்கமும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் காவு கொண்டது. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அருகிலேயே அந்த வியாபாரம் நடந்தது! அவ்வழக்கை அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது. ஏழை மீது பாயும் சட்டம் சாராய வியாபாரி வாசலில் ஏன் தூங்கியது?

உயர்குலத்துப் பெண் திருடியபோது சிபாரிசுக்கு வந்தவரை நம் பெருமானார் (ஸல்) கடிந்துகொண்டார்கள். தம் மகளே செய்தாலும் தண்டனை ஒன்றே என்றார்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது திருமறையின் கட்டளை. இவ்விரண்டும் சேர்ந்ததுதான் நம் நிலைப்பாடு.

எனவே சகோதரர்களே, செய்ய வேண்டியவை இவை. நம்மவன் தவறு செய்தால் ஜமாஅத் அவனை மறைக்கக் கூடாது. கண்ணால் கண்டவர் சாட்சி சொல்லத் தயங்கக் கூடாது. திருட்டுப் போனால் புகாரை எழுத்தில் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அது இலவசம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும் என்பதும் சட்டம். 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளை ஒவ்வொரு பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு இலவச சட்ட உதவி உண்டு. அந்த வாசலுக்கு இருளர் சகோதரனையும் கைபிடித்து அழைத்துப் போங்கள்.

இளைஞர்களே, கைபேசியில் வரும் வதந்தியை அடுத்தவருக்கு அனுப்பும் நேரத்தில் ஒரு சட்டப் புத்தகத்தைத் திறவுங்கள். சமுதாயத்துக்கு வக்கீல்கள் தேவை. அரசு வழக்கறிஞர்கள் தேவை. நேர்மையான காவல் அதிகாரிகள் தேவை.

அடுத்த முறை கடைவீதியில் "சுட்டுத் தள்ளணும்" என்று யாராவது சொன்னால், "யாரை? என்ன ஆதாரம்?" என்று கேட்கும் முதல் குரல் உங்களுடையதாக இருக்கட்டும். நீதியின் மீது நிலைத்திருப்போராக வல்ல இறைவன் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.