பரணில் தூங்கும் டெக்கு

சென்ற மாதம் நமது சிநேகிதர் ஒருவர் துணிப்பையும் கவலை தோய்ந்த முகமுமாக வந்து சேர்ந்தார். பைக்குள் ஒரு வீடியோ காஸெட்டு இருந்தது. 1988-ம் வருஷத்தில் நடந்த அவருடைய கல்யாணப் படம். அதில் அவருடைய தாயார் ஊஞ்சல் பாட்டுப் பாடுகிறாராம். அந்த அம்மாள் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. சிநேகிதர் பரணிலிருந்து பழைய டெக்கை இறக்கி, தூசி தட்டி, அந்தக் காஸெட்டையே முதலில் உள்ளே தள்ளிவிட்டார். டெக்கு இரண்டு நிமிஷம் முனகியது. பிறகு நாடாவை வயிற்றுக்குள் இழுத்துக் கசக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

நெடுநாள் உறங்கிய டெக்குக்கு முதல் கவளமாகப் பொக்கிஷத்தையா ஊட்டுவது? போனால் போகட்டும் என்று விடக்கூடிய பழைய சினிமாக் காஸெட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பதுதான் விவேகம். அது ஒரு மணி நேரம் நல்லபடியாக ஓடிய பிறகே மற்றதைத் தொடலாம். அந்த மற்றதன் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் தடுப்பையும் முன்னதாகப் பெயர்த்துவிடவேண்டும். தடுப்பு இல்லாத காஸெட்டின்மேல் டெக்கு புதிதாக எதையும் பதியாது. கைதவறிப் பொத்தானை அழுத்தினாலும் கல்யாணம் பிழைக்கும்.

இந்த யந்திரத்தின் நோய்களுக்குப் பெரும்பாலும் அழுக்கும் ரப்பருமே காரணம். அரை அங்குல அகலமுள்ள நாடா, 62 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளையைச் சாய்வாகச் சுற்றிச் செல்கிறது. நம் நாட்டு டெக்குகளில் அந்த உருளை நிமிஷத்துக்கு 1500 தடவை சுழல்கிறது. அதன் ஓரத்தில் பதித்த, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான ஹெட்டுகளே படத்தைப் படிக்கின்றன. நாடாவிலிருந்து உதிரும் துகள் ஒரு ஹெட்டின் இடுக்கில் அடைத்துக்கொண்டால் போதும், திரை முழுவதும் பனி பெய்யும். சாதாரண டெக்குகளில் ஒலியை வேறொரு நிலையான ஹெட்டு படிக்கிறது. ஆகையால் படம் பனியாகவும் பாட்டு தெளிவாகவும் இருந்தால், குற்றவாளி உருளையில் ஒட்டிய அழுக்குதான் என்று துணிந்து கூறலாம்.

துடைப்பதற்கு முன் மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்கிய பிறகும் மின்சாரப் பெட்டிப் பகுதியில் கை வைக்கலாகாது; அங்கே சில பாகங்கள் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். நார் உதிராத மெல்லிய தோல்துண்டை ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, உருளையின் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையின் மேற்பக்கத்தைப் பிடித்து மெதுவாகச் சுழற்றவேண்டும். சுழல்வது உருளை, துண்டு அல்ல. மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டு முறிந்துபோகும். காது குடையும் பஞ்சுக்குச்சி உதவாது. அதன் நார் ஹெட்டில் சிக்கும். ஈரம் நன்றாக உலர்ந்த பிறகே நாடாவை உள்ளே விடலாம். டெக்கின் தலையில் ஓங்கித் தட்டும் வைத்தியத்தைச் சிலர் இன்னும் நம்புகிறார்கள். அதை நாம் சிபாரிசு செய்வதற்கில்லை.

திரையின் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் ஓடினால் டிராக்கிங் திருகைத் திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். நாடா கசங்குவது ரப்பரின் வேலை. ஓடிவந்த நாடாவைச் சுருட்டும் சக்கரத்துக்கு விசை தரும் பெல்ட் தளர்ந்தாலும், இடைச் சக்கரத்தின் ரப்பர் வளையம் வழுவழுப்பானாலும், சுருட்டுவார் இல்லாமல் நாடா உள்ளேயே குவிந்துவிடும். ஓட ஆரம்பித்த சில விநாடிகளில் டெக்கு தானே நின்றுவிடுவதும் பல சமயங்களில் இதனால்தான். சக்கரம் சுழலவில்லை என்பதை உணர்ந்து அது செய்யும் தற்காப்பு. ஒலி இழுத்து இழுத்துக் கேட்டால், நாடாவை அழுத்தி நகர்த்தும் பிஞ்ச் ரோலர் இறுகிப் பளபளக்கிறதா என்று பார்க்கலாம்.

காஸெட்டின் ஜன்னலில் வெண்ணிறப் பூசணம் தெரிந்தால் அதை டெக்கில் போடவே கூடாது. ஒரு காஸெட்டின் பூசணம் ஹெட்டில் ஒட்டி, அடுத்து வரும் காஸெட்டுகளுக்கும் பரவும்.

ஆற அமரச் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1976-ல் ஜப்பானில் தோன்றிய இந்த வி.எச்.எஸ். டெக்குகளைக் கடைசிவரை செய்துவந்த புனாய் கம்பெனி, 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனிப் புது டெக்கு கிடைக்காது. உள்ளவற்றுக்குப் பழைய டெக்குகளே உதிரிப் பாகம்.

நம் சிநேகிதரின் டெக்கைத் திறந்து, பலவந்தமில்லாமல் நாடாவை விடுவித்தோம். புது பெல்ட் போட்டு, உருளையைத் துடைத்து, ஒரு பழைய சினிமாவை முழுவதும் ஓடவிட்டோம். பிறகுதான் கல்யாணக் காஸெட்டு. முதல் ஓட்டத்திலேயே கணிப்பொறியில் பிரதி எடுக்க ஏற்பாடு செய்திருந்தோம். கசங்கியது நாடாவின் கீழ் ஓரம். ஒலி பதிந்திருப்பது மேல் ஓரம். ஊஞ்சல் காட்சியின் நடுவில் படம் உருண்டு கலைந்து மறைந்தது. பாட்டு மட்டும் அறுபடவில்லை. சிநேகிதர் வெற்றுத் திரையைப் பார்த்தபடியே கடைசி அடிவரை கேட்டார்.