சாய்ந்த திருமுடி

வேலூருக்கு மேற்கே, பாலாற்றங்கரையில் அமைந்த விரிஞ்சிபுரத்தை மதிலழகுக்குப் பேர்போன தலம் என்பர் பெரியோர். அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற பதி. மார்க்கபந்தீசுவரரையும் மரகதாம்பிகையையும் தொழுது வலம் வரும் அன்பர்கள், பிராகாரத்தில் ஒரு கல்லின் முன் சற்றே நிற்பதுண்டு. அரைவட்டமாகச் செதுக்கி எண்கள் பொறித்த கல் அது. மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் விழும் எண்ணே அப்போதைய மணி. காலங்காட்டும் கல் என்று பெயர்.

பிள்ளைகளுக்கு அதனை வேடிக்கையாகவே காட்டுகிறோம். பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மகள் உடன் வந்திருந்தால், நகரும் அந்த நிழல் அவளுக்கு வேறொன்றைச் சொல்லக்கூடும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் தொழில் சோறிடும் ஊர்களில் அந்தக் கோடை மிகக் குறுகியது. விடியலில் தெருமுனைக்கு வரும் ஷூ கம்பெனி வண்டியில் தாயோ தமக்கையோ ஏறிச் செல்லும் வீடுகள் பல. 18 வயது நிறைந்த பெண்ணுக்கும் அதில் இடமுண்டு. அடுத்த மாதமே சம்பளம். செவிலியராகவோ ஆசிரியையாகவோ விரும்பும் கனவுக்கோ ஆண்டுகள் வேண்டும். வட்டி அதுவரை பொறுக்குமா என்பது தந்தையின் கவலை. அதனைப் பேராசை என்று இகழ்வது தகாது. அவள் இதுவரை படித்ததே அந்தத் தொழிலின் உழைப்பால்தான்.

இத்தலத்து வரலாற்றிலும் ஒரு பாலகன் உண்டு. விரிஞ்சன் எனப்படும் பிரமனே இங்குள்ள அர்ச்சகரின் மகனாய், சிவசருமன் என்னும் பெயரில் பிறந்தான். தந்தை இளமையிலேயே மறைந்தார். பூசை முறை வந்தபோது, சிறுவனால் என்ன ஆகும் என்று உறவினர் உரிமையைப் பறிக்க முனைந்தனர். தாய் ஈசனிடம் முறையிட்டாள். இறைவன் முதியவராய் எழுந்தருளி, அவனுக்கு உபநயனமும் தீட்சையும் செய்வித்தார். அபிடேகக் குடத்துடன் நின்ற சிறுவனுக்கோ இலிங்கத்தின் முடி எட்டவில்லை. வளர்ந்த பிறகு வா என்று ஐயன் அனுப்பிவிடவில்லை. தம் திருமுடியையே சாய்த்துக் கொடுத்தார். மூலவர் சற்றே சாய்ந்திருப்பதை இன்றும் தரிசிக்கலாம்.

சிவசருமனுக்கு வயது போதாது என்றனர் உறவினர். நம் வீட்டுப் பெண்ணுக்கோ வயது ஆகிவிட்டது என்கிறோம். இரண்டு இடத்திலும் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டார் இல்லை.

கணக்குப் பார்க்கும் பெற்றோர் ஒன்றையும் சேர்த்துப் பார்த்தல் நலம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்ற மாணவியருக்கு, உயர்கல்வி முடியும்வரை மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 முதல் நடைமுறையில் உள்ளது. சம்பளத்துக்கு அது ஈடாகாதுதான். ஆயினும் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டிய தேவை குறையும்.

அப்பைய தீட்சிதர் அருளியதாகப் போற்றப்படும் மார்க்கபந்து தோத்திரம், வழிப்பயணம் புறப்படுவோர் ஓதுவது. கல்லூரிக்கு முதல் நாள் பேருந்து ஏறும் மகளுக்கு அதனைச் சொல்லிக்கொடுக்கலாம். கம்பெனி வண்டிக்காக இருட்டில் காத்து நிற்கும் தாய்க்கும் வழித்துணைநாதர் அவரே.