'வந்ததை அனுப்பினேன்' என்னும் வாதம்

பொய்ச் செய்திகளைப் பற்றியும், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உண்டாக்கப்படும் டீப்ஃபேக் வீடியோக்களைப் பற்றியும் பேச்சு எழும்போதெல்லாம், படித்தவர் பாமரர் என்ற வித்தியாசமின்றி எல்லோரிடத்திலும் ஓர் அபிப்பிராயம் வேரூன்றியிருப்பதைக் காண்கிறேன். போலியைத் தயாரித்தவன் எவனோ அவனே குற்றவாளி, அதற்குத் துணைபோன இயந்திரமே அபாயம், தம் கைக்கு வந்ததை நாலு பேருக்கு அனுப்பிவைத்தவர் வெறும் தபால்காரர், அவர்மேல் எந்தப் பாவமும் ஒட்டாது என்பதே அந்த அபிப்பிராயம். 'எனக்கு வந்தது, அனுப்பினேன்' என்று சொல்லுகிறவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு நினையாத நல்ல குடும்பஸ்தர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவர்களுடைய இந்த வாதம் தவறானது. உயிர்ப்பலி வாங்கிய தவறு அது.

2018ஆம் ஆண்டு மே மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்து இறங்கியிருக்கிறது என்ற வதந்தி வாட்ஸ்அப் மூலம் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் காட்டுத்தீயாய்ப் பரவிற்று. அந்த ஆண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் உலவிய இவ்வதந்திக்குச் சாட்சியாகக் காட்டப்பட்ட வீடியோக்களுள் மிகப் பிரசித்தமான ஒன்று இது: தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள், மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள், கண்மூடித் திறப்பதற்குள் ஒரு சிறுவனை வாரி எடுத்துக்கொண்டு பறந்துவிடுகிறார்கள். பார்த்த தாய்மார்களுக்கு அடிவயிறு கலங்கியதில் வியப்பில்லை. ஆனால் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில், காணாமற்போகும் குழந்தைகளுக்காகப் பாடுபடும் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விழிப்புணர்வுப் படம். தூக்கிச் சென்றவர்களே சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவதோடு அது முடிகிறது. அந்தக் கடைசிச் சில விநாடிகளை எவனோ வெட்டி எறிந்துவிட்டான். செயற்கை நுண்ணறிவின் சாமர்த்தியம் எதுவும் அதில் கிடையாது. குழந்தைகளைக் காப்பதற்காக எடுக்கப்பட்ட படமே மனிதர்களை அடித்துக் கொல்வதற்குக் காரணமாயிற்று.

அந்த மே மாதத்தில்தான், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, உறவினருடன் கோயிலுக்கு வழிபடச் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த காரணத்தால், பிள்ளை பிடிப்பவள் என்று சந்தேகிக்கப்பட்டு, ஊர்க்கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அதே வாரத்தில் இதே சந்தேகத்தால் பழவேற்காட்டில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார்.

இந்தக் கொலைகளுக்குப் பிறகும், 'பொய்யாகவே இருந்தாலும் என்ன, ஒரு ஜாக்கிரதைக்கு அனுப்பிவைத்தேன்' என்று சொல்லுகிறவர்களைப் பார்க்கிறேன். போளூர் மூதாட்டியைக் கொன்றது இந்த ஜாக்கிரதைதான். முகம் தெரியாத ஒருவன் நடுத்தெருவில் நின்றுகொண்டு 'பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்' என்று கூவியிருந்தால், யார் நீ, எங்கே பார்த்தாய் என்று ஊரார் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். அதே வார்த்தை சித்தப்பாவின் பெயரிலும், பள்ளிக்கூட ஆசிரியரின் பெயரிலும், உடன் வேலை பார்க்கும் சிநேகிதரின் பெயரிலும் வந்து சேரும்போது, சொல்லுகிறவர்பால் நமக்குள்ள மதிப்பே சொல்லப்பட்ட விஷயத்துக்குப் பிரமாணமாகிவிடுகிறது. தபால்காரர் ஒட்டிய உறையைக் கொண்டுவந்து தருகிறார். உள்ளே இருப்பதை அவர் படிப்பதுமில்லை, தம் பெயரை அதில் எழுதுவதுமில்லை. அனுப்புகிறவரோ படிக்கிறார், பத்துச் செய்திகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார், யார் யாருக்கு என்று தீர்மானிக்கிறார், தம்முடைய நல்ல பெயரையும் சேர்த்தே அனுப்புகிறார். பொய்யைச் செய்தவனால் செய்ய முடியாத காரியத்தை, அதாவது அதை நம்பும்படி ஆக்குகிற காரியத்தை, அவனுக்காக இவரே செய்து முடிக்கிறார்.

2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் வேட்டையாடப்படுகிறார்கள் என்று பரப்பப்பட்ட வீடியோக்களின் கதையும் இதுவே. அவற்றுள் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே தமக்குள் இரு பிரிவாகி மோதிக்கொண்ட சம்பவம், மற்றொன்று கோவையில் உள்ளூர்வாசிகளுக்குள் நடந்த தகராறு என்று தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் விளக்கம் கொடுக்க நேர்ந்தது. உடம்பில் கட்டுப்போட்டு நடித்துப் பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் எடுக்கப்பட்ட வீடியோவும் உண்டு என்பதைப் பீகார்ப் போலீசாரே கண்டுபிடித்தார்கள். அதற்குள் திருப்பூரிலும் கோவையிலும் பிழைக்க வந்த ஏழைகள் பீதியடைந்து மூட்டை கட்டிவிட்டார்கள். பீகார் அரசு நிலைமையைப் பார்த்துவர அதிகாரிகள் குழுவை அனுப்பிற்று.

இயந்திரத்தின் ஆற்றலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி 2024 ஜனவரியில் மேடைத் திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் குரல் அவருடைய பிறந்த நாளன்று ஒலித்தது. செயற்கைத் தோற்றம், செயற்கைக் குரல் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அவர்கள் உயிருடன் இருப்பதாக எவரும் ஏமாறவில்லை. இதற்கு நேர்மாறானது ஆப்பிரிக்காவிலுள்ள காபோன் நாட்டில் நடந்தது. நோயுற்று வெளிநாட்டில் சிகிச்சை பெற்றுவந்த அந்நாட்டின் அப்போதைய ஜனாதிபதி அலி போங்கோவின் புத்தாண்டு வீடியோ வெளிவந்தபோது, அது டீப்ஃபேக் என்ற பேச்சு பரவிற்று. அந்தச் சந்தேகம் கனன்றுகொண்டிருந்த நிலையில், 2019 ஜனவரி 7 அன்று ராணுவத்தினர் சிலர் வானொலி நிலையத்தைப் பிடித்து ஆட்சியைக் கவிழ்க்க முயன்றார்கள். பின்னர் நடந்த தடயவியல் ஆய்வுகளில் அந்த வீடியோ போலி என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே, பொய்யை மெய்யென்று அனுப்புவது எவ்வளவு விபரீதமோ, மெய்யைப் போலியென்று விசாரியாமல் அனுப்புவதும் அவ்வளவு விபரீதமே.

நீதிமன்றமும் இந்தத் தபால்கார வாதத்தை ஏற்கவில்லை. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றைப் படிக்காமலே பகிர்ந்துவிட்டதாக ஒரு பிரமுகர் சமாதானம் கூறிய வழக்கில், ஒரு செய்தியை மேற்கொண்டு அனுப்புவது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே 2018 மே மாதத்தில் கூறிவிட்டது. வாட்ஸ்அப் நிறுவனமும் அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் தடை வைத்தது.

உண்மையா என்று ஆராய எனக்கு நேரமில்லை, வசதியில்லை என்பார்கள். நியாயமே; ஆராய முடியாதவர் அனுப்பாமலிருக்கலாம், அனுப்பியே தீரவேண்டுமென்று அவரை யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. இதைப் படிக்கும் அன்பர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இன்னும் ஒன்று உண்டு. நீங்கள் அனுப்பிய ஒன்று பொய் என்று தெரியவந்தால், சத்தமில்லாமல் அதை அழித்துவிட்டு ஒதுங்காதீர்கள். எந்தக் குழுவில் அதைப் போட்டீர்களோ அதே குழுவில், உங்கள் பெயரிலேயே, 'நான் அனுப்பியது பொய், நம்பாதீர்கள், மேலும் அனுப்பாதீர்கள்' என்று அன்றைக்கே எழுதுங்கள்.